ஆர்க் வெல்டிங்: முதல் ராடு பற்றவைப்பதிலிருந்து ஜாயின்ட்டை உடைத்துப் பார்ப்பது வரை

ஐ.டி.ஐ.யில் வெல்டர் டிரேடு சேர்ந்து ஒரு வாரம் ஆன பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, ராடு ஒட்டிக்கிட்டே இருக்கு, என்ன பண்றது?" அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மிக், டிக் போன்ற வேறு வெல்டிங் முறைகள் எல்லாம் இதில் கிடையாது. சாதாரண 6013 ராடு (உருகிப் படியும், மேல்பூச்சு உள்ள வெல்டிங் கம்பி), ஒரு இரும்புத் துண்டு, ஒரு மெஷின். தட்டையாக வைத்த பிளேட்டில் நேராக ஒரு வெல்ட் வரி போடக் கற்போம். பிறகு இரண்டு பிளேட்டை T எழுத்துபோல இணைக்கும் ஒரு டி-ஜாயின்ட் அடித்து, அதைச் சுத்தியலால் நாமே உடைத்துப் பார்ப்போம்.

அடித்ததை ஏன் உடைக்க வேண்டும் என்று கேட்கலாம். வெல்டிங்கின் மேல்தோல் நம்மை ஏமாற்றும். மேலே மீன் செதில் மாதிரி அழகாக அடுக்கியிருக்கும், உள்ளே இரும்பு இரும்போடு சேர்ந்தே இருக்காது. திருச்சியை அடுத்த துவாக்குடி, திருவெறும்பூர் பக்கம் பாய்லர் சம்பந்தப்பட்ட ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் ஜாயின்ட்டை எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்கிறார்கள். நம்மிடம் எக்ஸ்-ரே இல்லை, சுத்தியல் இருக்கிறது.

முதலில் கண்ணும் உடம்பும்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். நான் வேலை கற்றுக்கொண்ட முதல் மாதத்தில், பக்கத்தில் இன்னொருவர் அடித்துக்கொண்டிருக்க, நான் முகமூடி போடாமல் பிளேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நேராகப் பார்க்கவில்லை, ஓரக்கண்ணில்தான் வெளிச்சம் பட்டது. மாலை வரை ஒன்றும் தெரியவில்லை. இரவு ஒரு மணிக்கு விழித்தபோது கண்ணில் மணலையும் மிளகாய்ப்பொடியையும் சேர்த்துப் போட்டது போல இருந்தது. விடியும்வரை அழுதேன். ராடு நுனிக்கும் இரும்புக்கும் நடுவே எரியும் மின்பொறிதான் ஆர்க். அதன் வெளிச்சத்தில் இருக்கும் புற ஊதாக் கதிர் கண்ணின் மேல்தோலைச் சுட்டுவிடுகிறது. வலி பல மணி நேரம் கழித்துத்தான் வரும் என்பதால், அடிக்கும்போது ஆபத்து தெரிவதே இல்லை. உருளைக்கிழங்கு வெட்டி வைப்பது, தாய்ப்பால் விடுவது என்று பட்டறையில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எதையும் கண்ணில் விடாமல் கண் மருத்துவரிடம் போங்கள்.

3.15 மி.மீ. ராடுக்கு முகமூடியில் 10 அல்லது 11 எண் கறுப்புக் கண்ணாடி வேண்டும். கூலிங் கிளாஸ் இதற்கு உதவாது. சட்டை முழுக்கை காட்டனாக இருக்கட்டும். பாலியஸ்டர் துணியில் பொறி விழுந்தால் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பேன்ட் காலை மடித்துவிடக் கூடாது, ஷூவுக்குள் செருகவும் கூடாது. இரண்டிலும் பொறி போய் உட்கார்ந்துகொள்ளும். தோல் கையுறை, தோல் ஏப்ரன், தோல் ஷூ. வெல்ட் மேல் ஓடாகப் படியும் கசடைத் தட்டும்போது வெள்ளைக் கண்ணாடி. சூடான கசடு எப்போதும் கண் உயரத்துக்குத்தான் தெறிக்கிறது.

இன்னும் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. ஜி.ஐ. பைப், ஜி.ஐ. தகடு போன்ற துத்தநாகம் பூசிய இரும்பில் பழகாதீர்கள். அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் இரவில் குளிர்காய்ச்சல் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பார்கள், ஆனால் பால் போவது வயிற்றுக்கு, புகை போனது நுரையீரலுக்கு. இரண்டாவது, பெட்ரோல், டீசல், தின்னர் இருந்த டிரம்மில் வெல்டிங் வைக்கவே கூடாது. காலியாகத் தெரிந்தாலும் உள்ளே ஆவி நிற்கும், வெடித்துவிடும். மூன்றாவது, வியர்வையில் நனைந்த கையுறையோடு ராடு மாற்றாதீர்கள். ஆர்க் எரியாமல் சும்மா இருக்கும்போதும் ராடைப் பிடித்திருக்கும் ஹோல்டரில் 50 முதல் 80 வோல்ட் வரை இருக்கும். நம் ஊர் மே மாத வெயிலில் இது சின்ன விஷயமில்லை. மாற்றுக் கையுறை ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள்.

பிளேட், ராடு, மெஷின்

150 மி.மீ. நீளம், 100 மி.மீ. அகலம், 10 மி.மீ. கனத்தில் ஒரு எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், சாதாரண இரும்பு) பிளேட் போதும். பழைய இரும்புக் கடையில் துண்டாகக் கிடைக்கும். மெல்லிய தகடு மலிவு என்று அதில் தொடங்கினால், இரண்டு வரிக்குள் சூடேறி ஓட்டை விழும். நம் கைதான் சரியில்லை என்று நினைத்து மனம் விட்டுப்போகும்.

துரு, பெயின்ட், எண்ணெய் மூன்றும் போகக் கிரைண்டரிலோ வயர் பிரஷ்ஷிலோ தேயுங்கள். மெஷினின் இன்னொரு கேபிளைப் பிளேட்டோடு இணைக்கும் எர்த் கிளாம்ப் பிடிக்கும் இடத்தையும் இதேபோலத் தேய்க்க வேண்டும். ராடு ஒட்டுகிறது, ஆர்க் விட்டுவிட்டு எரிகிறது என்று புலம்புகிறவர்களின் எர்த்தைப் போய்ப் பார்த்தால், பாதிப் பேருடையது பெயின்ட் மேல் உட்கார்ந்திருக்கும்.

ராடு 3.15 மி.மீ. வாங்குங்கள். கடையில் 10 கேஜ் என்றால் எடுத்துத் தருவார்கள். பாக்கெட்டில் உள்ள 6013 என்ற எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. 60 என்றால் உருகிப் படியும் உலோகம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு இழுவிசை தாங்கும் என்று பொருள். அடுத்த 1, இந்த ராடை எல்லா நிலையிலும் அடிக்கலாம் என்கிறது. கடைசி இரண்டு எண்ணும் சேர்ந்து மேல்பூச்சின் வகையைச் சொல்கின்றன. 6013இன் பூச்சு ரூட்டைல் (டைட்டானியம் ஆக்சைடு) வகை. ஏ.சி., டி.சி. இரண்டிலும் சாதுவாக எரியும், கசடும் எளிதில் கழன்று வரும். புதியவர்களுக்கு இதைக் கொடுப்பது அதனால்தான்.

கரண்ட் 110 ஆம்பியரில் வைத்துத் தொடங்குங்கள். இந்த ராடுக்கு 100 முதல் 130 வரை போகலாம். பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷினில் முள் காட்டும் எண்ணை முழுதாக நம்ப வேண்டாம், காதை நம்புங்கள்.

ஆர்க் பற்றவைப்பது

தீக்குச்சி கிழிப்பது போல ராடு நுனியைப் பிளேட்டில் லேசாக உரசி, வெளிச்சம் வந்ததும் 3 மி.மீ. அளவுக்குத் தூக்குங்கள். ராடின் பூச்சுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியின் கனம் எவ்வளவோ அவ்வளவுதான் இடைவெளி. கிழிக்கும் இடம், வரி போகப்போகிற பாதைக்கு உள்ளேயே இருக்க வேண்டும். கண்ட இடத்தில் கிழித்த தழும்பைப் பாய்லர் வேலையில் குறையாகவே எழுதிவிடுவார்கள்.

ராடு ஒட்டினால் பதற வேண்டாம். மணிக்கட்டைச் சட்டென்று பக்கவாட்டில் முறுக்கினால் விடுபடும். விடாவிட்டால் ஹோல்டரின் பிடியை அழுத்தி ராடை விட்டுவிடுங்கள். தூக்கத் தயங்குவதால்தான் ஒட்டுகிறது. ரொம்பத் தூக்கினால் ஆர்க் அணையும். முதல் நாள் முழுக்க இதை மட்டும் செய்யுங்கள்: பற்றவை, மூன்று எண்ணு, அணை. ஐம்பது தடவையாவது.

வரி போடுவது

பிளேட்டில் சாக்கால் கோடு போடாதீர்கள், முகமூடிக்குள் தெரியாது. ஸ்க்ரைபரால் கீறி, சென்டர் பஞ்சால் 10 மி.மீ.க்கு ஒரு புள்ளி குத்திக்கொள்ளுங்கள். ஆர்க் வெளிச்சத்தில் அந்தப் புள்ளிகள் நன்றாகத் தெரியும்.

வலது கைக்காரர் இடமிருந்து வலமாகப் போகலாம். ராடின் மேல்முனை, நாம் போகிற பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். பிளேட்டுக்கும் ராடுக்கும் நடுவே 70 முதல் 80 டிகிரி. பக்கவாட்டில் சாயக் கூடாது. ஹோல்டர் கேபிளைத் தோளிலோ முன்கையிலோ ஒரு சுற்றுப் போடுகிறவர்கள் உண்டு, அந்தப் பழக்கம் வேண்டாம். கேபிளை மேசை மேல் கிடத்தி, இடது கையை வலது மணிக்கட்டுக்குத் தாங்கலாகக் கொடுங்கள்.

புதியவர்கள் எல்லோரும் வெளிச்சத்தையே பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அதற்குப் பின்னால் இருக்கும் குட்டையை. அங்கே ஒரு சுண்டுவிரல் நக அளவுக்கு உருகிய இரும்பு தேங்கி நிற்கும். தெளிவாக, பளபளவென்று நிற்பது இரும்பு. அதன் மேல் நெளிந்து பின்னால் ஒதுங்குவது கசடு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த நாளில்தான் நீங்கள் வெல்டிங் பார்க்கத் தொடங்குகிறீர்கள். அதுவரை வெளிச்சத்தை நகர்த்திக்கொண்டிருந்தீர்கள், அவ்வளவுதான். எனக்கு அது தெரிய மூன்று வாரம் ஆனது. கசடு ஆர்க்குக்கு முன்னால் ஓடி வந்தால், மெதுவாகப் போகிறீர்கள் அல்லது ராடை அதிகம் சாய்த்துவிட்டீர்கள். அப்படியே தொடர்ந்தால் அது வெல்டுக்குள் மாட்டிக்கொள்ளும்.

வேகத்துக்கு ஒரு கணக்கு: வரியின் அகலம் கம்பியின் கனத்தைப்போல இரண்டு முதல் மூன்று மடங்கு, அதாவது 6 முதல் 9 மி.மீ. சத்தம் வடைச்சட்டி எண்ணெய்போல ஒரே சீராகப் பொரிய வேண்டும். படபடவென்று வெடித்தால் ராடு தூரமாக இருக்கிறது. இன்னொன்று, ராடு எரிய எரியக் குட்டையாகும். அதனால் கை முன்னால் போவதோடு கீழேயும் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். இதை மறப்பதால்தான் பாதி வரியில் ஆர்க் நீண்டு அணைகிறது.

முடிவில் சட்டென்று தூக்கினால் குழி விழும், விரிசல் அங்கேதான் தொடங்கும். ஒரு நொடி நின்று, லேசாகப் பின்வாங்கி, குழியை நிரப்பிவிட்டுத் தூக்குங்கள். புது ராடு போட்டுத் தொடரும்போது குழிக்கு 10 மி.மீ. முன்னால் பற்றவைத்து, பின்னால் வந்து குழியை நிரப்பி, அப்புறம் முன்னே போங்கள்.

கசடைத் தட்டி, பிரஷ் போட்டுப் பாருங்கள். வரி குறுகலாக, கயிறு மாதிரி மேலே உருண்டு நின்றால் கரண்ட் போதவில்லை. ஓரத்தில் வாய்க்கால் வெட்டியதுபோல் பள்ளம் இருந்தால் அண்டர்கட்: கரண்ட் அதிகம், அல்லது ஆர்க் நீளம். ஊசி குத்தியதுபோல் ஓட்டைகள் இருந்தால் ஈர ராடு, துரு, எண்ணெய் இவற்றில் ஒன்று. மழைக்காலத்தில் திறந்து வைத்த பாக்கெட்டை அப்படியே பயன்படுத்தாதீர்கள்.

டி-ஜாயின்ட்

பத்துப் பிளேட் நிறைய வரி போட்ட பிறகு இங்கே வாருங்கள். ஒரு துண்டைப் படுக்க வைத்து, இன்னொன்றை அதன் மேல் நிறுத்தி, மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். இரண்டு முனையிலும் டேக் அடியுங்கள், அதாவது நகராமல் இருக்கச் சின்னதாக ஒரு வெல்ட் வையுங்கள். வெல்ட் ஆறும்போது சுருங்கி, நிற்கும் பிளேட்டைத் தன் பக்கம் இழுக்கும். அதனால் டேக் அடிக்கும்போதே எதிர்ப்பக்கம் 2 டிகிரி சாய்த்து வைத்தால், ஆறிய பின் நேராக வந்து நிற்கும். இந்தக் கணக்கு கைக்கு வந்தவரைத்தான் பட்டறையில் ஃபிட்-அப் (துண்டுகளைப் பொருத்தி வைக்கும்) வேலைக்குக் கூப்பிடுவார்கள்.

கரண்டை 120 ஆக்கி, இரண்டு பிளேட்டுக்கும் நடுவே 45 டிகிரியில் ராடைப் பிடித்து, மூலையின் அடியைப் பார்த்துக்கொண்டே போங்கள். ஆட்ட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அடியுங்கள். இரண்டு பிளேட்டிலும் 6 மி.மீ. சமமாக ஏறியிருந்தால், வெல்டின் உண்மையான கனம் அதில் 0.7 மடங்கு, சுமார் 4.2 மி.மீ. பாரம் தாங்குவது அந்த 4.2தான்.

உடைப்பது

துண்டு முழுதாக ஆறட்டும், தண்ணீரில் போடாதீர்கள். வெல்டின் நடுவில் நீளவாக்கில் ஹேக்ஸாவால் லேசாக ஒரு கீறல் போட்டுக்கொண்டால் உடைப்பது எளிது. அடிப்பிளேட்டை வைஸில் பிடித்து, வெல்ட் இல்லாத பக்கத்திலிருந்து அடியுங்கள். நிற்கும் பிளேட் வெல்ட் மேல் மடிந்து விழ வேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

உடைந்த முகத்தில் மூலையின் அடியைத் தேடுங்கள். அங்கே பிளேட்டின் பழைய விளிம்பு வெட்டியபடியே கோடாகத் தெரிந்தால், வெல்ட் அதைத் தொடவே இல்லை, மேலே பாலம் கட்டியிருக்கிறது. கறுப்புக் கோடு என்றால் கசடு சிக்கியிருக்கிறது. சாம்பல் நிறத்தில், மணி மணியாக, விளிம்பே தெரியாமல் உடைந்திருந்தால் இரும்பு சேர்ந்திருக்கிறது.

என்னிடம் வரும் பிள்ளைகள் முதல் துண்டை உடைத்ததும் முகம் வாடிப்போகிறார்கள். வாட வேண்டாம். அந்தத் துண்டிலேயே மார்க்கர் பேனாவால் தேதி, ஆம்பியர் எழுதி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். அடுத்த துண்டுக்கு ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள், கரண்டோ வேகமோ கோணமோ. மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது.

இதற்கு மேல்

முறையாகப் படிக்க, ஐ.டி.ஐ.யில் வெல்டர் டிரேடு ஓராண்டுப் படிப்பு. 8ஆம் வகுப்புத் தேறியிருந்தால் சேரலாம். பிறகு அப்ரென்டிஸ் போகலாம். வேலைக்கு எடுக்கும்போது சான்றிதழைப் பார்த்துவிட்டுக் கையில் ராடைக் கொடுத்துவிடுவார்கள். செங்குத்துப் பிளேட் 3ஜி, தலைக்கு மேல் 4ஜி, 45 டிகிரி சாய்ந்த அசையாத பைப் 6ஜி. 6ஜி கடினம், ஏனென்றால் ஒரே ஜாயின்ட்டைச் சுற்றி வருவதற்குள் எல்லா நிலையும் வந்துவிடும். திருச்சி பெல் (BHEL) நிறுவன வளாகத்தில் 1975இல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இந்தத் துறைக்கே பெயர் போன இடம்.

ஐந்து துண்டு தொடர்ந்து விளிம்பு தெரியாமல் உடைந்தால், பிளேட்டைச் செங்குத்தாக நிறுத்தி, கரண்டை 10 முதல் 15 ஆம்பியர் குறைத்து, கீழிருந்து மேலே ஏறத் தொடங்குங்கள்.