தைக்கோ கவிதையில் தாளம் தப்பும் இடங்கள்

ஜப்பானியப் புராணத்தையும் தைக்கோ முழவையும் சேர்த்து எழுதப்படும் கவிதைகளில் பல அமதெராசுவின் குகையில்தான் தொடங்கும். சூரியதேவி ஒளிந்துகொள்கிறாள், உலகம் இருள்கிறது, அவளை வெளியே வரவைக்க உசுமே என்ற தேவி ஆடுகிறாள். முதல் பிழையும் இங்கேதான். உசுமேயின் கையில் முழவையும் கோலையும் திணித்துவிடுகிறார்கள். 712-இல் எழுதி முடிக்கப்பட்ட ஜப்பானியப் புராண நூலான கொஜிகியில் இருப்பது கவிழ்த்துப் போட்ட தொட்டி. அதன்மேல் ஏறி, காலால் மிதித்துத்தான் ஓசை எழுப்புகிறாள். அவள் ஆடை நெகிழ ஆடியதைப் பார்த்துத் தேவர்கள் சிரிக்க, அந்தச் சிரிப்பு எதற்கென்று தெரியாமல்தான் அமதெராசு கதவைச் சற்றே திறக்கிறாள். முழக்கம் கேட்டுத் திறந்தாள் என்று எழுதினால் கதையின் குறும்பே போச்சு. மிதி, சிரிப்பு, அமதெராசுவின் முன் நீட்டும் கண்ணாடி, அவளை வெளியே இழுக்கும் கை: வரிசை மாறக்கூடாது.

இடித்தெய்வம் ராய்ஜினைச் சுற்றி வளையமாக முழவுகள் நிற்பது ஓவியர்கள் காட்டும் உருவம். 17-ஆம் நூற்றாண்டில் சோதாட்சு வரைந்த திரை அதற்குப் பேர்போனது. கொஜிகியிலோ, இறந்துபோன தேவி இசனாமியின் அழுகும் உடலில் எட்டு இடித்தெய்வங்கள் இருக்கின்றன, முழவு ஒன்றுகூட இல்லை. எதை எழுதுகிறோம் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பறையைப் பார்த்துப் பழகிய நமக்கு ‘தீயில் காய்ச்சிய தோல்’ என்று எழுதக் கை தானாகப் போகும். நாகதோ என்ற பீப்பாய் வடிவத் தைக்கோவில் அது பொருந்தாது. கெயாக்கி மரத்தின் ஒற்றைத் தண்டைக் குடைந்து, மாட்டுத்தோலை இழுத்துக் கட்டி, விளிம்பில் ஆணி அடித்து முடிப்பது அது. அனல் வேண்டுமென்றால் ஜப்பானிய மரபு நாடகமான நோவில் வரும் ஓட்சுசுமி என்ற கைமுழவுக்குப் போங்கள். அதன் தோலைத்தான் ஆட்டத்துக்கு முன் கரியனலில் காய்ச்சுவார்கள்.

ஒலிச்சொல்லில்தான் அதிகம் சறுக்குகிறது. ‘டமடம’ நம்மூர்ச் சத்தம். தைக்கோவை வாயால் சொல்லிப் பயிலும் சொற்கட்டு தனி: நடுத்தோலில் ஓர் அடி ‘டொன்’, அதே நேரத்துக்குள் இரண்டு அடி ‘டொகொ’, விளிம்பில் அடித்தால் ‘க’, அடிக்காமல் விடும் இடம் ‘சு’. ‘டொன் டொன் டொகொ டொன்’ என்பதற்கு நான்கு கைத்தட்டு, ஐந்து அடி. ஜப்பானியக் கணக்கில் ‘டொன்’னும் ‘டொகொ’வும் இரண்டிரண்டு அலகு, அங்கே ‘ன்’ முழு அலகு பெறும். நம் மாத்திரைக் கணக்கில் மெய்க்கு அரை என்பதால் ‘டொன்’ ஒன்றரை, ‘டொகொ’ இரண்டு. அதனால் எழுத்தெண்ணி 5-7-5 போட்டால் ஹைக்கூவும் நிற்காது, தாளமும் நிற்காது. எண்ணிக்கையை விட்டுவிட்டுக் கைத்தட்டிப் படியுங்கள். தட்டு விழும் இடத்தில் அசை விழவில்லையென்றால் சொல்லை மாற்றுங்கள். ‘சு’ வரும் இடத்தில் வரியை உடைத்தால் போதும்; ‘மௌனம்’ என்று எழுதிக்காட்ட வேண்டாம்.

ஹைக்கூதான் என்று பிடிவாதமாக இருந்தால் பருவத்தையும் பாருங்கள். மரபில் இடி கோடைக்குரியது, மின்னல் இலையுதிர்காலத்துக்குரியது. நெற்கதிர் முற்றுவது மின்னலால் என்ற நம்பிக்கை அதன் பின்னால் இருக்கிறது. இரண்டையும் ஒரே பாடலில் வைத்தால் பருவம் குழம்பும்.

கடைசியாக, சாமுராய் காலத்து மேடையில் பலவகை முழவுகளோடு ஒரு குழுவையே நிறுத்தாதீர்கள். போர்க்களத்திலும் கோயிலிலும் தைக்கோ உண்டு. ஆனால் இன்று நாம் மேடையில் பார்க்கும் குழு வாசிப்பு, ஜாஸ் டிரம்மரான ஒகுச்சி தைஹாச்சி 1951-இல் நாகானோவில் தொடங்கிவைத்தது.