இங்கிலாந்துக் கிராமத்தில் கொள்ளுத்தாத்தாவைத் தேடுவது எப்படி?

பக்கத்து வீட்டுப் பாட்டிக்குப் பூர்வீகம் நார்ஃபோக் பக்கம் ஒரு குக்கிராமம். அவருக்காகத் தேடித்தேடிக் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

முதலில், தெரிந்த ஆளிடமிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போங்கள். அங்கே அரசாங்கப் பிறப்பு இறப்புப் பதிவு 1837 ஜூலை 1-இல் தொடங்கியது. பிறப்புச் சான்றிதழில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரும் இருக்கும், அதை வைத்துத் திருமணப் பதிவைப் பிடிக்கலாம். கூடவே 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள், பிறந்த ஊரே எழுதியிருக்கும். 1841 கணக்கெடுப்பில் ஊர் இருக்காது, 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதையும் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்துப் போட்டிருப்பார்கள். தொழில் என்ற இடத்தில் 'ஏஜி லேப்' என்று வந்தால் விவசாயக் கூலி என்று அர்த்தம், நான் முதலில் ஏதோ ஆய்வுக்கூடம் என்று நினைத்தேன்!

1837-க்கு முன்னால் என்றால் பாரிஷ் பதிவேடுதான், அதாவது ஊர்த் தேவாலயத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கக் கணக்கு. இப்படி எழுதிவைக்கச் சொல்லி 1538-இல் உத்தரவு வந்தது, ஆனால் எல்லா ஊரிலும் அவ்வளவு பழைய ஏடு மிஞ்சவில்லை. ஃப்ரீரெக், ஃபேமிலிசர்ச் என்ற இரண்டு இணையதளங்களிலும் இலவசமாகத் தேடலாம். ஏடு தொலைந்திருந்தால் ஆயருக்கு வருடாவருடம் அனுப்பிய நகல் இருக்கிறதா என்று அந்த மாவட்ட ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள்.

இனிதான் எல்லாரும் சறுக்குகிற இடம். பாட்டியின் முன்னோர் பெயர் ஜான்; அப்படித் தேடுகிற பெயரில் ஒருவர் கிடைத்ததும் குதித்துவிடாதீர்கள், அடக்கப் பதிவையும் புரட்டுங்கள். நான் கண்டுபிடித்த ஜான் ஏழு மாதத்திலேயே இறந்திருந்தான், இரண்டு வருடம் கழித்துப் பிறந்த தம்பிக்கும் அதே பெயரை வைத்திருந்தார்கள், அந்தக் காலத்தில் அது சகஜம். பாட்டியின் முன்னோர் அந்தத் தம்பி. இன்னொன்று, 1752-க்கு முன்பு அங்கே புது வருடம் மார்ச் 25-இல்தான் பிறக்கும், அதனால் ஏட்டில் 1720 பிப்ரவரி என்று இருந்தால் நம் கணக்கில் அது 1721.

திருமணம் பெரும்பாலும் பெண்ணின் ஊரில்தான் நடக்கும், மாப்பிள்ளை ஊரில் கிடைக்காவிட்டால் அக்கம்பக்கத்து ஊர்களில் தேடுங்கள். 1754 முதல் மணமக்கள் ஏட்டில் கையெழுத்துப் போட வேண்டும், எழுதத் தெரியாதவர்கள் பெருக்கல் குறி போடுவார்கள். ஜானின் மனைவி போட்ட குறியில் ஒரு கால் கோணிப் பக்கத்துக் கட்டம் வரை இழுத்திருந்தது. பாட்டி அதை மட்டும் பெரிதாக்கிக் காட்டச் சொல்லி இரண்டு முறை பார்த்தார்.