மாத்திரை ஊருக்கே வரணும்: மனு எழுதத் தெரியாதவர்களுக்கு ஒரு செய்முறை

எங்கள் அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாசலுக்கே வருகிறது. வீட்டுக்கே வந்து மாத்திரை தருகிற அரசுத் திட்டமான 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். தம்பியின் மனநல மாத்திரைக்கு மட்டும் மாதம் ஒருமுறை அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு தருமபுரிக்கு பஸ் ஏறுவார். அங்கே ஒரு மாத்திரை இல்லை என்றால் வெளிக்கடை. கையில் காசில்லாத மாதம் அதுவும் கிடையாது. இரண்டு மாதம் விட்டுப்போனால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

ஓசூர் பக்கத்து ஆட்கள் நேரே நிமான்ஸ் என்கிற மத்திய அரசின் மனநல ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறார்கள். அந்த ஆஸ்பத்திரி இருப்பதே பெங்களூரு ஓசூர் ரோட்டில்தானே. ஏரியூர், சித்தேரி, அஞ்செட்டிப் பக்கத்து ஆட்களுக்கு அந்த வசதியும் இல்லை. அவர்களில் யாராவது இதைப் படித்துவிட்டு ஒரு வெள்ளைத்தாளை எடுத்தால் போதும். நாங்கள் செய்ததை, சொதப்பியதையும் சேர்த்து, வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில்: என்ன கேட்பது?

தயவுசெய்து "விழிப்புணர்வு வேண்டும்" என்று எழுதாதீர்கள். எழுதினால் கிடைக்கும். அடுத்த வாரமே பள்ளிப் பிள்ளைகள் வெயிலில் பதாகை பிடித்து ஊர்வலம் போவார்கள், போட்டோ எடுப்பார்கள், கோப்பு மூடப்படும்.

இரண்டே விஷயம் கேளுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் மாதம் ஒரு குறிப்பிட்ட நாளில் நம் வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வர வேண்டும். அவர் எழுதும் மாத்திரை அங்கேயே 30 நாளைக்குக் கிடைக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து "வந்தாரா, இருந்ததா" என்று கேட்டால் ஆமாம், இல்லை என்று பதில் வரும்படி கோரிக்கை இருக்கணும்.

ஆள் கணக்கு எடுங்கள்

இந்த வேலைக்குத்தான் அதிக நேரம் ஆகும். அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து தருவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். எந்த மருந்து எவ்வளவு செலவாகிறது என்பதை வைத்துத்தான் அடுத்த தேவைக்கான பட்டியல் போகிறது. நம் ஊர் ஆள் ஒருவர் "ஸ்டாக் இல்லை" என்று திரும்பி வந்து வெளியில் வாங்கினால், அந்த மாத்திரை எந்தப் பதிவேட்டிலும் செலவாகவில்லை. பெங்களூருக்குப் போனவரும் கணக்கில் இல்லை, மாத்திரையையே விட்டவரும் இல்லை. ஆக, காகிதத்தில் நம் ஊரில் தேவையே இல்லை. தேவை இல்லாத இடத்துக்கு யார் நிதி ஒதுக்குவார்கள்?

அந்தக் கணக்கை நாம்தான் காட்ட வேண்டும். இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொள்ளுங்கள். மகளிர் குழு அக்கா ஒருவர் கட்டாயம் வேண்டும், அவருக்குத் திறக்கிற கதவு நமக்குத் திறக்காது. கேட்கும் விதம் முக்கியம். "வீட்ல மனநோயாளி இருக்காங்களா?" என்றால் "எங்க வீட்ல அப்படியெல்லாம் யாரும் இல்ல" என்று முகத்தில் அடித்த மாதிரி பதில் வரும். "மாசாமாசம் வெளியூர் போயி மாத்திரை வாங்கறவங்க யாராச்சும் இருக்காங்களாக்கா? பிட்ஸு, தூக்கம், நரம்பு, எதுவா இருந்தாலும் சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள். உட்காரச் சொல்லி மோர் கொடுத்து, எட்டு வருடக் கதையையும் சொல்வார்கள்.

பெயர் எழுதக் கூடாது. நான் எழுதினேன். முதல் நாள் ஒரு நாற்பது பக்க நோட்டில் பெயர், தெரு, மாத்திரை எல்லாம் குறித்துக்கொண்டு டீக்கடை பெஞ்சில் வைத்துவிட்டு கைகழுவப் போனேன். திரும்பி வருவதற்குள் ஒருவர் அதைப் புரட்டிக்கொண்டிருந்தார். அதில் பெண் பார்க்க வர இருந்த ஒரு வீட்டின் பெயரும் இருந்தது. அன்று சாயங்காலமே அந்த வீட்டு அம்மா என்னைத் தேடி வந்தார். திட்டவில்லை. "ஏம்ப்பா, உனக்கு நாங்க என்ன பண்ணோம்?" என்று மட்டும் கேட்டார். நோட்டை அடுப்பில் போட்டேன், போட்டு என்ன பிரயோஜனம்?

அதன்பின் தாளில் நான்கு கட்டம்தான்: எத்தனை வருடமாக மாத்திரை, எங்கே போய் வாங்குகிறார், ஒருமுறை போய்வர எவ்வளவு, போன வருடம் எத்தனை மாதம் விட்டுப்போனது. பஸ், சாப்பாடு, விட்ட கூலி எல்லாம் சேர்த்துப் போடுங்கள். கூட ஒருவர் துணைக்குப் போனால் அவர் கூலியையும்தான். ஒரு பேச்சுக்கு, தலைக்கு 600 ரூபாய், 20 பேர், 12 மாதம் என்றால் 1,44,000 ரூபாய். கூலிக்காரக் குடும்பங்கள் 'இலவச' மாத்திரைக்காக ஒரு வருடத்தில் கட்டுகிற தொகை அது. இந்த ஒற்றை வரி அதிகாரியை நிமிர்ந்து பார்க்க வைக்கும்.

கணக்கெடுக்கப் போகிற இடத்தில் யாராவது உயிரை விடுவதாகப் பேசினால் தாளை மடித்து வைத்துவிடுங்கள். அவரைத் தனியே விடாமல் பக்கத்தில் உட்கார்ந்து 14416-க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் அது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104-ம் உண்டு.

தகவல் கேளுங்கள்

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் ஒரு மனு. பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்ட சுகாதார அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். கடந்த 12 மாதத்தில் மனநல மருத்துவர் நம் வட்டார சுகாதார நிலையத்துக்கு வந்த தேதிகள், மாத இறுதியில் இருப்பில் இருந்த மனநல மருந்துகளின் பட்டியல், மாவட்ட மனநலத் திட்டத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களும் காலியிடங்களும், போன நிதியாண்டில் ஒதுக்கியதும் செலவழித்ததும். இவ்வளவு போதும். "ஏன் வரவில்லை?" என்று கேட்காதீர்கள். அந்தச் சட்டத்தில் ஆவணம் கிடைக்கும், விளக்கம் கிடைக்காது. 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம்.

கிராம சபை

கிராம சபை கூடுகிற நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. என் யோசனை அக்டோபர் 2. எட்டு நாள் கழித்து, 10-ஆம் தேதி, உலக மனநல நாள் வருவதால் பத்திரிகைக்காரர்களும் அந்த நேரத்தில் காது கொடுப்பார்கள்.

கூட்டத்தன்று போய்க் கை தூக்கினால் 'இதரப் பொருள்' என்று கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். அதற்குள் பாதிப் பேர் களி கிண்ட வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஒரு வாரம் முன்னாலேயே தலைவரிடம், தலைவர் பதவியில் இல்லாத காலமென்றால் தனி அலுவலரிடம், எழுத்தில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். ஆள் எண்ணிக்கையும் வேண்டும். மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை என்றால் 100 பேர், 3,001 முதல் 10,000 வரை என்றால் 200 பேர். எங்கள் ஊரில் எண்ணிக்கை சேர்ந்தது நூறு நாள் வேலை அக்காக்களால்தான்.

தீர்மானத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். எங்களுடையது இது, அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"எங்கள் ஊராட்சியில் மனநல சிகிச்சைக்கும் வலிப்புக்கும் மாதந்தோறும் வெளியூர் சென்று மருந்து வாங்குவோர் ___ பேர் உள்ளனர். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 18-இன்படி மனநல சேவை வசிப்பிடத்துக்கு அருகிலேயே கிடைக்க வேண்டும். எனவே ___ வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாதம் ஒரு நாள் மனநல மருத்துவர் வரவும், மருந்துகள் தடையின்றி இருப்பில் இருக்கவும் ஆவன செய்யுமாறு மாவட்ட ஆட்சியரைக் கேட்டுக்கொள்ள இச்சபை தீர்மானிக்கிறது."

பிரிவு எண்ணை விட்டுவிடாதீர்கள். நோயாளி நெடுந்தொலைவு அலையக் கூடாது என்பதும், அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகள் சமூக சுகாதார நிலையம் தொடங்கி மேலே எல்லா அரசு மருத்துவமனைகளிலும் எப்போதும் இலவசமாக இருக்க வேண்டும் என்பதும் அந்தப் பிரிவில்தான் இருக்கிறது.

ஒரு பெரியவர் எழுந்து, "கோயில்ல நாப்பத்தெட்டு நாள் இருந்தா சரியாப் போற விசயத்துக்கு எதுக்குப்பா டாக்டரு?" என்றார். சண்டைக்குப் போக வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடி தர்கா பக்கத்துக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டியிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் செத்ததை நினைவுபடுத்த எனக்கு நாக்கு வரை வந்தது. அதற்குள் மகளிர் குழு அக்கா முந்திக்கொண்டார்: "சாமியும் கும்பிடலாங்க பெரியப்பா, மாத்திரையும் போடலாம். நீங்க சுகருக்கு ரெண்டும்தானே பண்றீங்க?" சிரிப்போடு தீர்மானம் நிறைவேறியது. பதிவேட்டில் அது ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு, நகலுக்கு அங்கேயே மனு கொடுத்துவிட்டு வாருங்கள்.

கலெக்டர் ஆபீஸ், பிறகு எம்.எல்.ஏ.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் தீர்மான நகல், ஆள் கணக்கு, தகவல் பதில் மூன்றையும் ஒரே மனுவாகக் கொடுத்து ரசீது எண்ணை வாங்குங்கள். அந்த எண் இல்லாமல் பின்னால் எதையும் விசாரிக்க முடியாது.

எம்.எல்.ஏ.விடம் போகும்போது பலர் தப்பாகக் கேட்கிறார்கள். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி என்றாலும் அது கட்டடம், சாலை மாதிரி வேலைகளுக்கானது. டாக்டர் சம்பளத்துக்கோ மாத்திரைக்கோ வராது. சுகாதார நிலையத்தில் மறைவாக உட்கார்ந்து பேச ஒரு அறை வேண்டும் என்றால் அவரிடம் கேட்கலாம். டாக்டரும் மாத்திரையும் சுகாதாரத் துறையின் பணத்தில் வர வேண்டியவை. அதில் தேசிய சுகாதார இயக்கப் பங்கு மத்திய அரசு 60, மாநிலம் 40. அதற்கு அவர் செய்யக்கூடியது, சட்டமன்றத்தில் சுகாதாரத் துறைக்கான நிதி ஒதுக்கீட்டை விவாதிக்கிற மானியக் கோரிக்கை வரும்போது நம் காலியிடக் கணக்கைக் கேள்வியாக வைப்பது. அந்தக் கேள்வியையும் டைப் அடித்தே கொடுத்துவிடுங்கள்.

எங்களுக்கு ஏழு மாதம் ஆனது. இப்போது இரண்டாவது புதன்கிழமை மருத்துவர் வருகிறார். தம்பியின் இரண்டு மாத்திரையில் ஒன்று இங்கேயே கிடைக்கிறது, இன்னொன்றுக்கு நினைவூட்டல் கடிதம் போயிருக்கிறது. மருத்துவர் பன்னிரண்டரைக்குக் கிளம்பிவிடுகிறார். மேல்காட்டுப் பக்கத்திலிருந்து வரும் டவுன் பஸ் ஒரு மணிக்குத்தான் வந்து நிற்கிறது. பஸ் நேரத்தை மாற்றச் சொல்லி அடுத்த மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.