பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: எந்த 'சர்ஜரி'?

ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்த சில நாளில், "முடிவு வந்துவிட்டது, சர்ஜரியைத் தொடர்புகொள்ளவும்" என்று போனுக்கு ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி வரலாம். பதற வேண்டாம். குடும்ப மருத்துவர், அதாவது ஜி.பி., நோயாளிகளைப் பார்க்கும் இடத்துக்குத்தான் இங்கே சர்ஜரி என்று பெயர். தமிழ்நாட்டில் கிளினிக், இலங்கையில் டிஸ்பென்சரி என்போமே, அதுதான். பல் மருத்துவரின் இடத்தையும் கால்நடை மருத்துவரின் இடத்தையும்கூட அப்படியே சொல்வார்கள்.

வந்த முதல் வாரமே அருகிலுள்ள ஜி.பி. சர்ஜரியில் வீட்டிலுள்ள எல்லோரையும் பதிந்துவிடுங்கள். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. இங்கிலாந்தில் இதற்கு முகவரிச் சான்றோ பாஸ்போர்ட்டோ கட்டாயமில்லை. வரவேற்பில் கேட்பார்கள், இருந்தால் காட்டுங்கள். இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. வாடகை ஒப்பந்தம் கைக்கு வரட்டும் என்று கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. தடுப்பூசிக்கு அழைப்பு வருவதே அந்தப் பதிவை வைத்துத்தான்.

வார நாட்களில் காலை 8 முதல் மாலை 6.30 வரை சர்ஜரியை அழைக்கலாம். மற்ற நேரத்தில் 111 என்ற மருத்துவ உதவி எண், உயிருக்கு ஆபத்தென்றால் எந்நேரமும் 999. ஆங்கிலம் தடுமாறினால், அப்பாயிண்ட்மென்ட் கேட்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். அதற்கும் காசில்லை. அம்மாவின் மாதவிடாய்த் தொந்தரவைப் பத்து வயது மகன் டாக்டரிடம் எடுத்துச் சொல்லும் நிலை எந்த வீட்டிலும் வரக் கூடாது.

இன்னொரு சர்ஜரிக்கும் மருத்துவத்துக்கும் சம்பந்தமே இல்லை. தொகுதி எம்.பி. மக்களை நேரில் சந்தித்துக் குறை கேட்பதும் சர்ஜரிதான். பெரும்பாலும் வெள்ளி, சனிக்கிழமைகளில் அலுவலகத்திலோ நூலகத்திலோ நடக்கும். நம்மவர்கள் இதைப் பயன்படுத்தத் தயங்குகிறார்கள். உங்களுக்குக் குடியுரிமையோ ஓட்டோ இருக்க வேண்டியதில்லை, அந்தத் தொகுதியில் குடியிருந்தால் போதும். விசா விண்ணப்பம் உள்துறை அலுவலகத்தில் கிடப்பில் கிடந்தால் எம்.பி. எழுதிக் கேட்க முடியும், முடிவெடுக்க முடியாது. முன்பதிவு செய்துகொண்டு, விண்ணப்ப எண்ணும் வந்த கடிதங்களும் கையோடு கொண்டுபோங்கள். குப்பை, பார்க்கிங், உள்ளாட்சி வாடகைக்குத் தரும் கவுன்சில் வீடு என்றால் உள்ளூர் கவுன்சிலரின் சர்ஜரிக்குப் போவதே சரி.

ஆஸ்பத்திரிக் கடிதத்தில் 'டே சர்ஜரி' என்றிருந்தால் அது அறுவை சிகிச்சையேதான். அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். 'மைனர் சர்ஜரி' என்றால் சிறு கட்டி, மரு போன்றவற்றை அகற்றுவது. சில ஜி.பி.க்களே அதைச் செய்வதுண்டு. எத்தனை மணிக்குமேல் சாப்பிடக் கூடாது என்று கடிதத்தில் போட்டிருப்பதைக் கவனமாகப் படியுங்கள். பால் டீயையும் பெரும்பாலும் சாப்பாட்டுக் கணக்கில்தான் வைப்பார்கள். முழு மயக்கம் கொடுத்தால், அடுத்த 24 மணி நேரம் வயதுவந்த ஒருவர் கூட இருக்க வேண்டும் என்பார்கள். தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கும் மாணவர்கள் கடிதம் வந்த அன்றே அதிலுள்ள எண்ணுக்கு அழைத்துத் துணைக்கு ஆளில்லை என்று சொல்லிவிடுங்கள். கடைசி நேரத்தில் சொன்னால் சிகிச்சையையே தள்ளிவைத்துவிடக்கூடும்.