ஆப்ப சோடாவும் ஆறு ஸ்பிரிண்டும்

ஞாயிறு விடியற்காலை ஈசிஆரில் சைக்கிளில் பத்து விநாடி ஸ்பிரிண்ட், அதாவது முழு மூச்சு மிதி, ஆறு அடிப்பேன், நடுவில் நான்கு நிமிட ஓய்வு. முதல் இரண்டில், மிதிக்கும் சக்தியை அளக்கும் பவர் மீட்டர் 900 வாட்ஸைத் தாண்டும். ஐந்தாவதில் 760தான். கால் கனத்துப் போகும்.

இதைச் சரிசெய்ய வீட்டு அலமாரியில் சப்ளிமென்ட் டப்பாக்கள் சேர்ந்தன. பிசிஏஏ, பீட்டா அலனைன் என்ற அமினோ அமிலப் பொடிகள், பெயர் வாயில் நுழையாத ஏதோ ஒரு பொடி. பீட்டா அலனைன் குடித்தால் காதும் கன்னமும் ஊசி குத்துவதுபோல் சுருசுருக்கும். வேகம் என்னவோ அப்படியேதான். ஒருநாள் உடல் எடையில் கிலோவுக்கு 0.3 கிராம் கணக்குப் போட்டு, என் 70 கிலோவுக்கு 21 கிராம் ஆப்ப சோடாவைக் கரைத்துக் குடித்தேன். முட்டுக்காடு பாலம் வருவதற்குள் வயிறு கலக்கி, சைக்கிளை டீக்கடையில் சாய்த்துவிட்டு ஓடினேன். அன்றைக்கு அடித்த ஒரே ஸ்பிரிண்ட் அதுதான்.

அப்புறம்தான் உறைத்தது. சோடாவும் பீட்டா அலனைனும் தசையில் சேரும் அமிலத்தைச் சமாளிப்பவை. ஒன்றிரண்டு நிமிட முயற்சிக்குப் பொருந்தும். பத்து விநாடிக்குத் தசை முக்கியமாக நம்புவது, உடனடி சக்திக்காகத் தனக்குள் சேமித்து வைத்திருக்கும் பாஸ்போகிரியேட்டினை. எனக்கு வேண்டியது அதை ஓய்வில் திரும்ப நிரப்புவது.

சரி என்று எல்லாவற்றையும் நிறுத்தினேன். தினம் 5 கிராம் கிரியேட்டின் மோனோஹைட்ரேட், வெறும் தண்ணீரில்; பாஸ்போகிரியேட்டினுக்கு மூலப்பொருள் அதுதான். கிளம்ப முக்கால் மணி முன்பு ஸ்ட்ராங்காக ஒரு ஃபில்டர் காபி. ஓய்வையும் ஆறு நிமிடமாக்கினேன். ஒரு மாதத்தில் எடை ஒரு கிலோ ஏறியது, பெரும்பாலும் தண்ணீர். முதல் ஸ்பிரிண்ட் அதே 900தான். ஐந்தாவது 830. கூடிய அந்த 70 வாட்ஸில் பாதி, கூடுதல் ஓய்வின் புண்ணியம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.