புது பாக்ஸுக்குப் பழைய கனெக்டர் வேண்டாம்

எச்டி செட்டாப் பாக்ஸ் மாற்றும்போது கேபிள் ஒயர் நுனியில் இருக்கும் திருகு முனையான பழைய எஃப் கனெக்டரை அப்படியே திருகாமல், ஒயரை இரண்டு அங்குலம் வெட்டிவிட்டுப் புதிது போடச் சொல்லுங்கள். குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று பட்டு ஒயரின் நடுக்கம்பி கறுத்து, அதைச் சுற்றியுள்ள கம்பிவலை வெள்ளையாகப் பூத்திருக்கும். சிக்னல் அங்கேயே குறைந்து படம் கட்டம் கட்டமாக உடையும். பழி மட்டும் புது பாக்ஸுக்கு!

நடுக்கம்பி கனெக்டர் விளிம்பைத் தாண்டி 2, 3 மி.மீ. நீண்டால் போதும். வலையின் ஓர் இழை அதைத் தொட்டாலும் ஷார்ட்தான். வெட்டிய இடத்திலும் கம்பி கருப்பாக இருந்தால் ஒயரையே மாற்ற வேண்டும்.

திரையில் சந்தா முடிந்ததாகக் காட்டினால் இது உதவாது, ஆபரேட்டர்தான் ஆக்டிவேட் செய்ய வேண்டும். தெரு முழுக்கப் படம் உடைந்தால் கோளாறு தெருவுக்குச் சிக்னலைக் கூட்டித் தரும் ஆம்ப்ளிஃபையர் பக்கம்.