ஜெர்மனியில் கஞ்சா: "சட்டம் அனுமதிக்கிறது" என்றால் எதுவரை?

2024 ஏப்ரல் 1 முதல் ஜெர்மனியில் 18 வயது நிறைந்தவர்கள் பொது இடத்தில் 25 கிராம் வரை கஞ்சா வைத்திருக்கலாம். அங்கே வசிப்பவர்கள் வீட்டில் மூன்று செடிகள் வளர்க்கலாம். இதை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில், கடை கிடையாது. உறுப்பினர்கள் சேர்ந்து வளர்த்துத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் சங்கங்கள் உண்டு, ஆனால் அதில் சேர குறைந்தது ஆறு மாதமாவது ஜெர்மனியில் வசித்திருக்க வேண்டும். சுற்றுலாப் பயணிக்கு நேர்வழியே இல்லை. பூங்காவில் யாராவது விற்க வந்தால் அது பழையபடி குற்றம்தான். அருகில்தானே என்று நெதர்லாந்து காபிஷாப்பில் (அங்கே கஞ்சா விற்கும் கடைக்கு அதுதான் பெயர்) வாங்கி ரயிலில் கொண்டுவருவதும் கடத்தலாகவே பார்க்கப்படும்.

புகைக்கும் இடத்திலும் கவனம் தேவை. நடைபாதைக் கடைத்தெருக்களில் காலை 7 முதல் இரவு 8 வரை தடை. பள்ளி, விளையாட்டுத் திடல் வாசலிலிருந்து 100 மீட்டருக்குள் கண்ணில் படும்படி புகைக்கக் கூடாது. சிறுவர்கள் பக்கத்தில் இருந்தால் எங்குமே கூடாது.

அப்புறம் வண்டி. ரத்தச் சீரத்தில் டிஎச்சி (கஞ்சாவில் போதை தரும் பொருள்) அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 3.5 நானோகிராமை எட்டினால் 500 யூரோ அபராதம், ஒரு மாதம் ஓட்டத் தடை. 21 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கும் புதிதாக உரிமம் வாங்கியவர்களுக்கும் அந்த அளவுகூட இல்லை, சுத்தமாகக் கூடாது. படிக்கப் போகும் நம் பிள்ளைகளில் பலர் இந்த வயதுக்காரர்கள். தலை தெளிந்துவிட்டது என்று தோன்றினாலும் ரத்தத்தில் அது தங்கியிருக்கும், தயவுசெய்து சாவியைத் தொடாதீர்கள்.